அனுமதிக்கப்பட்ட இழப்பு

வாசலைக் கழுவிய துடைப்பத்தோடு ரெஜினா அக்கா நிறுத்தினாள்:
"இன்னா தம்பி, உன் வண்டி ராவுல
எங்க வூட்டாண்ட ஒண்ணுக்குப் போவுது?"
குனிந்தேன்.
எட்டணா அகலத்தில் ஒரு கறுப்பு,
பக்கத்தில் அது குட்டி போட்ட மூன்று.

தண்டையார்பேட்டை டெர்மினலில்
டாங்கி உச்சிக்கு ஏறி நாடா இறக்குவது என் பிழைப்பு.
பசை தடவிய நாடாவில்
நிறம் மாறும் இடம்தான் மட்டம்.
ஏழாயிரம் கிலோலிட்டரில் நாலைந்து குறைந்தால்
எழுத ஒரு கட்டம் இருக்கிறது:
அனுமதிக்கப்பட்ட இழப்பு.
எழுதிக் கையெழுத்துப் போட்டு இறங்கிவிடலாம்.
அக்காவின் சிமென்டுத் தரையில் அந்தக் கட்டம் இல்லை.

போன வருஷக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்து
மாருதி எண்ணூறுக்குக் கீழே விரித்தேன்.
விடிந்ததும் பார்த்தால்
கிருத்திகைமேல் இரண்டு சொட்டு,
பிரதோஷத்தின் ஓரத்தில் ஒன்று.

"சம்ப் பேக்கிங்," என்றார் மீரான்
படுத்துக்கூடப் பார்க்காமல்.
"வித்துடு," என்றான் மச்சான் செங்குட்டுவன்.
வடிகால் போல்ட்டை நானே ஒரு திருகு திருகினேன்.
மறுநாளும் கிருத்திகை நனைந்தது.

சொட்டும் இடம் கசியும் இடமில்லை.
எண்ணெய் நடக்கும்.
எங்கோ பிறந்து, சூட்டில் இளகி,
விசிறிக் காற்றில் பின்வாங்கி,
போல்ட் தலையில் கொஞ்சம் உட்கார்ந்து,
கடைசியில் யார் மேலாவது பழி போட்டுவிட்டு
விழும்.

ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய்,
அமுதவல்லி இன்னும் தேய்த்துக்கொண்டிருந்த
பல்துலக்கும் பிரஷ்
(அதற்குத் தனிச் சண்டை).
இன்ஜின் துடைத்த பாத்திரம்போல் ஆனது.
முனை வீட்டு கேரம் கிளப்பில்
ஒரு கை பவுடர் கேட்டேன்.
"ஆட வரியாண்ணா?" என்றான் ஜெபசிங்.
"இல்லடா, இன்ஜினுக்கு."
போர்டே சிரித்தது.

ஊதினேன். வெள்ளை வெளேரென்று
திருநீறு பூசிய இரும்பு.
எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் வண்டிகளின் வாலைப் பிடித்துப் போய்,
திரும்பும்போது கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டினேன்.
இரண்டு கூட்ஸ், ஒரு லோக்கல்.
முதல் தடவையாக அந்த கேட்டைத் திட்டவில்லை:
நிற்க நிற்கத்தானே சூடேறும்.

பானெட்டைத் திறந்தேன்.
வெள்ளையில் ஒரு கறுப்பு இழை,
எறும்பு வரிசை கனத்துக்கு.
சம்ப்பிலிருந்து கண்ணால் ஏறினேன்,
பிளாக், டிஸ்ட்ரிபியூட்டர் ஓரம்,
இன்னும் மேலே,
கை நுழையாத பின்மூலையில்
டாப்பெட் கவர்.
அங்கேதான் நிறம் மாறியது.

கழற்றினால் கேஸ்கெட்
வெயிலில் மறந்த வத்தல்.
அந்த மூலையில் மட்டும் மடங்கி நசுங்கியிருந்தது.
யார் செய்த வேலை என்று கேட்க வாயெடுத்தேன்.
தை மாசம் டாப்பெட் அட்ஜஸ்ட் செய்தவன்,
எட்டிய போல்ட்டுகளை வெறிகொண்டு முறுக்கி
எட்டாததைக் குத்துமதிப்பாக விட்டவன்,
நான்தான்.

புது கேஸ்கெட் நூற்று நாற்பது ரூபாய்.
பிளேடால் சுரண்டி, துணியால் ஒற்றி,
நடுவிலிருந்து எதிரும் புதிருமாக
ஒவ்வொன்றுக்கும் கால் திருகு.
கடைசி போல்ட்டுக்கு மீரானின் நீட்டுச்சாவி.
மணிக்கட்டில் கொஞ்சம் தோல் போனது.
அதை எந்தக் கட்டத்தில் எழுத?

முதல் நாள் ஒரு சொட்டு. இடுக்கில் தங்கிய பழையது.
மூன்றாம் நாள் கிருத்திகை காய்ந்து கிடந்தது.
அக்காவிடம் தாளைக் காட்டினேன்.
"சரி. கறை போவாது," என்றாள்,
குழாயில் வாளி நிரப்பிக்கொண்டே.
அவள் வீட்டு அடிபம்பில்
டீசல் வாடை வந்து, கட்டிப்போட்டு ஆறு வருஷம்.

திங்கட்கிழமை ஏறினேன். நாடா இறக்கினேன்.
மூன்று புள்ளி எட்டு குறைவு.
கட்டம் காத்திருந்தது. எழுதினேன்.
கையெழுத்தும் போட்டேன்.

மேலிருந்து பார்த்தால் தெரியும்,
டாங்கியின் காலடியில் குழாய்
மண்ணுக்குள் இறங்கும் இடம்,
அதன் முகம் எங்கள் தெருப் பக்கம்.

எத்தனை கை பவுடர் ஆகுமென்று
ஜெபசிங்கிடம் கேட்க வேண்டும்.